தூசி இல்லாத அறை

டீ நன்றாக இருந்தது சார். டம்ளரைத்தான் துணியால் துடைத்திருக்கிறார்கள். உள்பக்கம் ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள். கண்ணாடியைத் துணியால் துடைக்கக் கூடாது. கழுவிக் கவிழ்த்து வைத்தால் தானே காய்ந்துவிடும். பரவாயில்லை, டீ வயிற்றுக்குத்தான் போகிறது. வயிறு எதையும் தாங்கும். ரத்தம் தாங்காது.

யாரும் கூப்பிடாமல் நானாகத்தான் வந்திருக்கிறேன். என் பெயர் பஞ்சவர்ணம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஊசி மருந்துக் கம்பெனியில் நிரப்பும் அறைக்கு நான்தான் சூபர்வைசர். எனக்குக் கீழே வேலை பார்க்கும் கன்னியம்மா நேற்று இந்த ஸ்டேஷனுக்கு வந்து, தன் தாலிக்கயிற்றின் இழை மருந்துக் குப்பிக்குள் விழுந்துவிட்டது, அந்த மருந்தை ஏற்றித்தான் புருஷன் செத்தான் என்று சொல்லி, தானே அவனைக் கொன்றுவிட்டதாக அழுதாளாம். நீங்களும் எழுதிக்கொண்டு அவளை உள்ளே வைத்திருக்கிறீர்களாம். எங்கள் மேனேஜர் உத்தமனும் ஆமாம், அஜாக்கிரதைதான், சூபர்வைசர் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

அது தப்பு. அதைத் திருத்தத்தான் வந்தேன். என் அறையில் எதுவும் தானாக விழாது.

எழுதுகிறவர் மெதுவாக எழுதுகிறார். நான் நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன்.

நாங்கள் மருந்து செய்வதில்லை. பென்சிலின் தூளாக, மூடி முத்திரை வைத்த டின்களில் வரும். அதைக் கண்ணாடிக் குப்பிகளில் அளந்து போட்டு, ரப்பர் மூடி வைத்து, அதன்மேல் அலுமினியத் தகட்டை இறுக்கி அனுப்புகிறோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்த ரப்பர் வழியாக ஊசியைக் குத்தி, காய்ச்சி வடித்த தண்ணீரை உள்ளே விட்டுக் குலுக்குவாள். தூள் கரைந்ததும் உறிஞ்சி நரம்பில் ஏற்றுவார்கள். நீராகவே வருகிற மருந்தில் தூசி விழுந்தால் வெளிச்சத்தில் மிதக்கும், எந்த முட்டாளுக்கும் தெரியும். உலர்ந்த தூளில் தெரியாது. வெள்ளைக்குள் புதைந்து கிடக்கும். நனைந்தால்தான் வெளியே வரும். அதற்குள் குப்பி யார் கைக்கோ போயிருக்கும். அதனால்தான் அந்த அறையை அப்படி வைத்திருக்கிறோம். ஜன்னல் கிடையாது. கிருமியைக் கொல்லும் ஊதா விளக்கு எரியும். தரையை மருந்து போட்டுத் துடைப்போம். உள்ளே போகிறவர்கள் குளித்து, வளையல், பூ, பொட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கவுனும் தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

காலையில் அந்த முன்னறையை ஒரு தடவை வந்து பாருங்கள், உங்களுக்குச் சிரிப்பு வரும். பாடியிலிருந்தும் வெள்ளானூரிலிருந்தும் வருகிறவர்கள். நேற்றுவரை நாற்று நட்ட குடும்பங்கள். நிலமெல்லாம் ஃபாக்டரியாகிவிட்டதால் இங்கே வந்திருக்கிறார்கள். வயல் வரப்பில் நிற்பதுபோலவே கத்திப் பேசுவார்கள். ஆனால் வளையலைக் கழற்றச் சொன்னால் குரல் இறங்கிவிடும். ஒவ்வொன்றாக, ஏதோ சதையை உரிப்பதுபோல உருவுவார்கள். பொட்டை அழித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்க மாட்டார்கள். சாயங்காலம் திரும்பப் போட்டுக்கொள்ளப் போகிற வளையல். அதற்கு இவ்வளவு.

நான் அதற்குள் கவுனை மாட்டிக்கொண்டு உள்ளே போய்த் தராசைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கழற்ற எதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் ஆவடியில் டாங்கி ஃபாக்டரியில் வேலை பார்த்தார். நாங்கள் கும்பகோணம் பக்கம். குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாமான் வாங்கச் சைக்கிளில் பூந்தமல்லி ரோட்டுக்குப் போனவர் லாரியில் அடிபட்டார். காரியத்தன்று ஊரிலிருந்து வந்த பெண்கள் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். பிறகு செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நான் அப்போது பள்ளி இறுதி வகுப்பு தேறியவள், வீட்டில் ஹிந்து பேப்பர் படித்தவள். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. கழுத்தில் ஒன்று இல்லாமல் வாழ முடியும் என்பது எனக்குத் தெரியும், அந்தப் பெண்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கன்னியம்மா போன வருஷம் வந்தாள். பாடிக்காரி. புதிதாகக் கல்யாணமானவள். புருஷன் தசரதன் அங்கேயே ஒரு ஃபாக்டரியில் லோடு ஏற்றுகிறவன். கை சுத்தமான பெண், அதை ஒப்புக்கொள்கிறேன். தூளைச் சிந்தாமல் போடுவாள். நிரப்பிய குப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க நான்தான் அவளுக்குப் பழக்கினேன். ஆனால் சிரிப்பாள். முகமூடி போட்டிருந்தாலும் கண் சுருங்குவதில் தெரிந்துவிடும். வயதில் மூத்தவள், சூபர்வைசர் என்ற எண்ணமே கிடையாது. என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். மரியாதை என்பது அவர்கள் பேச்சில் கிடையாது.

ஒருநாள் சாயங்காலம் முன்னறையில் எல்லோரும் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த மல்லிகைச் சரத்தைப் பாதியாகக் கிள்ளி என்னிடம் நீட்டினாள்.

“இன்னாக்கா, ஊட்டுக்குத்தான போற? இத்த வெச்சிக்கினு போ. யாரு கேக்கப் போறா?”

மூடி இறுக்கும் தாயம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். “அடியே, அவங்களுக்குப் போயிப் பூவ நீட்றியே, லூசாடி நீ?”

“ஏன், அவங்க தல இன்னா கருங்கல்லா? பூவு வெச்சா நிக்காதா?”

எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் அதுவரை என்னிடம் அப்படிச் செய்ததில்லை. நான் அதை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கையைக் கழுவினேன். பஸ்ஸில் போகும்போதும் விரலில் அந்த வாசனை இருந்தது. எனக்கு மல்லிகை வாசனை பிடிக்காது.

தாலி விஷயம் அதற்குப் பிறகு வந்தது. மற்றவர்கள் தாலியைச் சங்கிலியில் கோத்திருந்தார்கள். உலோகத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம். கன்னியம்மாவுடையது மஞ்சள் தேய்த்த பருத்திக் கயிறு. குளிக்கும்போதெல்லாம் மஞ்சளைப் பூசிக்கொண்டு வருவாள். வியர்வையில் ஊறி, அங்கங்கே இழை பிரிந்து தொங்கும். அறைக்குள் பஞ்சு, நூல் எதுவும் வரக் கூடாது என்பது விதி. இழையில் ஊறிய கிருமி மருந்தோடு ரத்தத்தில் கலந்துவிடும். சங்கிலிக்கு மாற்று, இல்லையென்றால் முன்னறையில் கழற்றி வை என்றேன். அவள் முதல் முறையாகச் சிரிக்காமல் பேசினாள்.

“கயித்த மட்டும் கழட்டச் சொல்லாதக்கா. உசுரு போனாலும் மாட்டேன். சங்கிலிக்கு நான் எங்கப் போவேன்?”

மேனேஜரிடம் போனேன். உத்தமன் பட்டணத்தில் படித்தவர். எனக்குப் பக்கபலமாக நிற்பார் என்று நினைத்தேன். அவர் அறைக்கு வெளியே வந்து, அத்தனை பெண்கள் முன்னாலும், “கழுத்து வரைக்கும் பித்தான் வச்ச கவுன் தைக்கச் சொல்லிடறேன். அதுக்குள்ள இருக்கட்டும், விடுங்க” என்றார்.

“இழை உதிரும் சார்.”

“இதுவரைக்கும் எந்த இழையும் வரலையே. இது தாலி விஷயம்மா. உங்களுக்குப் புரியாது.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யோசிக்காமல் சொன்னார். யோசிக்காதவர்கள் கையில்தான் அந்தக் கம்பெனி இருக்கிறது. தாயம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கன்னியம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் இருந்தது பரிதாபம். அவள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள் சார். கையெழுத்துப் போடத் தெரியாதவள்.

பிறகு ஆடிப்பதினெட்டு வந்தது. அன்றைக்குப் பழைய தாலிக்கயிற்றை எடுத்துவிட்டுப் புதியது கட்டிக்கொள்வார்கள். பழையதை ஓடுகிற தண்ணீரில் விடுவார்கள். இங்கே ஆறு ஏது, ஏரிதான். கன்னியம்மாவுக்கு அன்று அடுத்தடுத்து இரண்டு ஷிப்டு. விடியற்காலையிலேயே மாமியார் கையால் புதுக்கயிறு கட்டிக்கொண்டு, பழையதைச் செய்தித்தாளில் சுருட்டி எடுத்து வந்திருந்தாள். நான் கிளம்பும்போது ஓடி வந்து நீட்டினாள்.

“அக்கா, ஒன் ஊடு ஏரிக்கரையிலதான கீது? போச்சொல்லோ இத்தத் தண்ணில உட்டுடு.”

“அவங்க கையிலயா குடுக்கற?” தாயம்மா அவள் காதில்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது. “ஒனக்குப் புத்தி கீதா?”

“அட போக்கா. யாரு உட்டாங்கன்னு தண்ணிக்குத் தெரியவா போவுது?”

வேறு யாராவது இருந்தால் இதைப் பெரிய மனசு என்பார்கள். எனக்கு அது அலட்சியமாகப் பட்டது. உயிர் போனாலும் கழற்ற மாட்டேன் என்று என்னை அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைத்த அதே கயிறு. இன்று புதியது கழுத்தில் ஏறியதும் பழையது பேப்பரில் சுருட்டிய குப்பை. இதற்காகவா என் அறையின் விதியை உடைத்தார்கள்?

நான் அதை ஏரியில் விடவில்லை.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் அறைக்குப் போனேன். கத்தரியால் அந்தக் கயிற்றிலிருந்து இழைகளை வெட்டி, இடுக்கியால் எடுத்துச் சில குப்பிகளில் வைத்தேன். மேலே தூளைப் போட்டேன். மூடி வைத்து, தகட்டை நானே இறுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் இல்லை. நல்ல வேலை, நானே சொல்லக் கூடாது.

அப்போது என் எண்ணத்தில் களங்கம் கிடையாது. உத்தமனைக் கூப்பிட்டு, ஒரு குப்பியில் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் காட்ட வேண்டும். மஞ்சள் இழை மேலே வந்து மிதக்கும். பாருங்கள், உங்கள் பித்தான் வைத்த கவுன் என்று சொல்ல வேண்டும். அது ஏமாற்று என்பீர்கள். என்றைக்காவது நடக்கப் போவதைத்தான் கொஞ்சம் முன்னால் செய்து வைத்தேன். ஆனால் உத்தமனுக்கு நேரமில்லை. கூப்பிட்டபோதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்மா என்றார். குப்பிகள் என் அலமாரியில் கீழ்த்தட்டில் இருந்தன. மேல்தட்டில் எப்போதும்போல நல்ல குப்பிகள். கம்பெனி ஆட்களின் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது வழக்கம்.

ஆவணியில் மழை பிடித்துக்கொண்டது. தசரதன் நனைந்துகொண்டே லோடு ஏற்றி, நெஞ்சில் சளி கட்டி, பாடியில் ஒரு டாக்டரின் நர்சிங் ஹோமில் படுத்தான். நரம்பில் பென்சிலின் ஏற்ற வேண்டும் என்றார்களாம். கன்னியம்மா நேரே என்னிடம் வந்தாள்.

“கடைல வாங்கியாரட்டுமான்னு மாமியா கேட்டுச்சி. நான்தான் வேணான்னுட்டேன். நீ குடுத்தா சுத்தமா இருக்கும்க்கா. ஒன் கையால குடு.”

இந்த இடத்தில், அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்தேன் என்று சொல்லலாம். சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், எனக்கும் லேசாகப் போய்விடும். ஆனால் என் அலமாரியில் எதுவும் கைக்குக் கிடைக்காது சார். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். நான் குனிந்துதான் எடுத்தேன்.

அவள் முந்தானையில் முடிந்துகொண்டு, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அந்த நர்சிங் ஹோமில் ஒரு டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தாள், கம்பவுண்டர் இருந்தான். மருந்தைக் கரைத்தவுடன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் கை வரவில்லை. குலுக்கினார்கள், உறிஞ்சினார்கள், ஏற்றினார்கள். அவர்களைப்பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

மறுநாள் காலையில் கன்னியம்மா கம்பெனி வாசலில் நின்றாள்.

“ஊசி ஏத்துனதும் தூக்கித் தூக்கிப் போடுதுக்கா. பல்லு கிட்டிக்குது. ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது. நோயி எறங்கச்சொல்லோ அப்பிடித்தான் நடுங்கும், மருந்து வேல செய்துன்னு எங்க தெருவுல எல்லாம் சொல்றாங்க. டாக்டரு காதுல போட்டா நிறுத்திடுவாரு, சொல்லாதன்றாங்க. அப்பிடித்தானக்கா?”

இது இந்தப் பக்கத்து ஜனங்களின் நம்பிக்கை. ஊசி போட்டு உடம்பு உதறினால்தான் அது நல்ல ஊசி, காசு வாங்கின டாக்டர் நல்ல மருந்து போட்டிருக்கிறார் என்று அர்த்தம். வலிக்காத, உதறாத ஊசியைத் தண்ணீர் ஊசி என்பார்கள். நான் இதற்கு என்ன செய்ய முடியும்? அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன பதில் இதுதான்: “மருந்தை நடுவில் நிறுத்தக் கூடாது.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. எந்த டாக்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

அவள் நிம்மதியாகப் போனாள். மிச்சமிருந்த குப்பிகளையும் ஏற்றினார்கள். அந்த வாரமே தசரதன் போய்விட்டான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த வீடுகளில் காலிக் குப்பியைத் தூக்கிப்போட மாட்டார்கள், விளக்கெண்ணெய் ஊற்றி வைப்பார்கள். கழுவ எடுத்த கன்னியம்மா ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். நான் பழக்கிய பழக்கம். அடியில் ஒட்டியிருந்த இழையின் நிறம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் கழுத்திலிருந்து விழுந்தது என்று நினைத்தாள். அக்கா கழட்டச் சொல்லிச்சே, நான்தான் கேக்கல, கேக்கல என்று மேனேஜர் அறை வாசலில் தலையில் அடித்துக்கொண்டாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் சொன்னதுதான் சரி என்று அவள் ஒருத்திதான் ஒப்புக்கொண்டாள். அதுவும் தப்பான காரணத்துக்காக.

உத்தமனுக்கு அது சௌகரியமாகப் போயிற்று. கூலிக்காரியின் அஜாக்கிரதை, சூபர்வைசரின் கவனக்குறைவு. அறையை இழுத்துப் பூட்டிவிட்டார். என் அறையில் இழை மிதந்ததாம், அதை நான் பார்க்கவில்லையாம். எழுதிக்கொள்ளுங்கள்: இழை விழவில்லை. வைக்கப்பட்டது. எந்தக் குப்பியில் என்று தெரிந்து நான் வைத்தேன், எந்தத் தட்டிலிருந்து என்று தெரிந்து நான் எடுத்துக் கொடுத்தேன், நடுக்கம் எதனால் என்று தெரிந்து நான் பேசாமல் இருந்தேன். கன்னியம்மா கவனக்குறைவாக வேலை செய்தவள் இல்லை. அவளை வெளியே விட்டுவிடுங்கள்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நான் சொல்லிக்கொண்டேதானே வருகிறேன். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு காரணம் கிடையாது.

காரியத்தன்று நான் பாடிக்குப் போயிருந்தேன். கம்பெனியிலிருந்து உள்ளே போனது நான் ஒருத்திதான். தாயம்மாகூட வாசலோடு நின்றுவிட்டாள். கன்னியம்மாவை நடுவில் உட்கார வைத்தார்கள். ஆடியில் மாற்றிய கயிறு, இன்னும் நிறம்கூட மங்கவில்லை. அதை எடுத்தார்கள். உயிர் போனாலும் மாட்டேன் என்றவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை. முடிந்ததும் மற்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கனமான தலை. வெகுநேரம் எடுக்கவே இல்லை. எனக்குக் கை மரத்துப்போயிற்று, ஆனாலும் அசையாமல் இருந்தேன்.

நான் சொன்னதைக் கேட்டால் அவள் என்னைக் கொன்றுபோடுவாள் என்கிறீர்கள். உங்களுக்கு இதெல்லாம் தெரியாது சார். முதல் வருஷம் ஆத்திரமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவளுக்கு அந்தக் குறை இல்லை. பிறகு ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவதை நிறுத்துவார்கள். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் அவளைப் பார்த்தால் திரும்ப உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். பேச ஆள் இருக்காது. அப்போது என்னைத்தான் தேடுவாள்.

என்னை எந்த ஜெயிலில் வைக்கப்போகிறீர்கள் என்பதை மட்டும் அவளிடம் சொல்லி, எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதையும் விவரமாகச் சொல்லி அனுப்புங்கள். பாடியைத் தாண்டி அவளுக்கு வழி தெரியாது.